ஹார்ட் டிஸ்க் போனால் பாட்டும் போச்சா? வீட்டில் ரெக்கார்ட் செய்த ஆடியோ ஃபைல்களைப் பத்திரமாக வைப்பது எப்படி?

ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப். இவ்வளவு இருந்தால் போதும், படுக்கையறையே ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆகிவிடும். தனிப்பாடல், கவர் சாங், பாட்காஸ்ட், ஆடியோ புக், யூடியூப் வாய்ஸ் ஓவர் என வீட்டில் இருந்தே ஒலிப்பதிவு செய்பவர்கள் நிறைய பேர். மைக் எது வாங்கலாம் என்று பத்து வீடியோ பார்க்கிறோம். ஆனால் பதிவு செய்த ஃபைலை எங்கே வைப்பது, எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை.

ஒருநாள் லேப்டாப் ஆன் ஆகாது. அல்லது ப்ராஜெக்ட்டைத் திறந்தால் 'ஆடியோ ஃபைலைக் காணவில்லை' என்று வரும். அன்றைக்குத்தான் இதன் அருமை தெரியும். சாஃப்ட்வேரைத் திரும்ப இன்ஸ்டால் செய்யலாம், மைக்கைத் திரும்ப வாங்கலாம். அன்று அந்தக் குரல் பாடிய விதத்தைத் திரும்ப வாங்க முடியாது.

ஆடியோ ஃபைல்களை ஒழுங்காக அடுக்குவது எப்படி, பேக்கப் எடுப்பது எப்படி? எளிமையாகப் பார்க்கலாம்.

எம்பி3 இருக்கிறதே, அது போதாதா?

போதாது. வெளியான பாட்டு என்பது சமைத்து முடித்த சாம்பார் மாதிரி. உப்பு கூடிவிட்டது என்றால் அதிலிருந்து உப்பை மட்டும் தனியாக எடுக்க முடியுமா? அதேபோல மிக்ஸ் செய்து முடித்த ஒரே ஃபைலில் இருந்து குரலை மட்டும், தபேலாவை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கடினம். இப்போது ஏஐ கருவிகள் ஓரளவு பிரித்துத் தருகின்றன. ஆனாலும் அசல் பதிவின் தரம் அதில் கிடைக்காது.

ஒரு ரெக்கார்டிங்கில் பாதுகாக்க வேண்டியவை ஐந்து:

• அசல் பதிவுகள்: மைக்கில் இருந்து வந்த, எடிட் செய்யாத டேக்குகள்.
• ப்ராஜெக்ட் ஃபைல்: எந்த டிராக் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு வால்யூம், என்ன எஃபெக்ட் என்ற விவரங்கள் இருக்கும் ஃபைல்.
• ஸ்டெம்கள்: குரல், தாளம், கீபோர்டு என ஒவ்வொன்றும் தனித்தனியாக எக்ஸ்போர்ட் செய்த ஃபைல்கள்.
• இறுதி மிக்ஸ், மாஸ்டர்: வெளியிடத் தயாரான வேவ் ஃபைல். மேடையில் பாட கரோக்கே வடிவமும் எடுத்து வைத்தால் நல்லது.
• குறிப்புகள்: பாடல் வரிகள், சுருதி, டெம்போ, யார் பாடினார், யார் வாசித்தார் என்ற விவரம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு குறும்பட இயக்குநர் "இந்தப் பாட்டோட மியூசிக் மட்டும் கிடைக்குமா?" என்று கேட்டால், ஸ்டெம் இருப்பவர் அன்றைக்கே அனுப்பிவிடுவார். இல்லாதவர் முதலில் இருந்து வாசிக்க வேண்டும். "இது என் பாட்டு" என்று வேறு யாராவது கிளம்பினாலும், ஆரம்பகால டெமோவும் ப்ராஜெக்ட் ஃபைலும் கையில் இருப்பது ஒரு பலம்.

ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் பாட்டு இருக்காது!

புதிதாக வருபவர்கள் அதிகம் சிக்கும் இடம் இதுதான். ரீப்பர், கியூபேஸ், எஃப்எல் ஸ்டுடியோ, ஏபில்டன் லைவ் போன்ற மென்பொருள்களில் ப்ராஜெக்ட் ஃபைல் என்பது ஒரு வரைபடம் மட்டுமே. 'இந்த நொடியில் இந்த ஃபோல்டரில் இருக்கும் இந்த ஆடியோவை ஒலிக்கவிடு' என்ற குறிப்புதான் அதில் இருக்கும். ஆடியோ வேறு இடத்தில் தனியாக இருக்கும்.

அதனால் அந்தச் சின்ன ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் பென் டிரைவில் காப்பி செய்து எடுத்துக்கொண்டு போனால், வேறு கம்ப்யூட்டரில் டிராக்குகள் எல்லாம் காலியாகத்தான் திறக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்து ஒரு தாள லூப்பை இழுத்துப் போட்டிருப்போம். மூன்று மாதம் கழித்து இடம் இல்லை என்று டவுன்லோட்ஸை காலி செய்வோம். அத்தோடு அந்த லூப்பும் போய்விடும்.

இதற்கு ஒவ்வொரு மென்பொருளிலும் வழி இருக்கிறது. பெயர்தான் வேறு வேறு:

• ரீப்பர்: சேவ் ஆஸ் கொடுக்கும்போது, எல்லா மீடியாவையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் காப்பி செய்யும் டிக் பாக்ஸ் இருக்கும்.
• ஏபில்டன் லைவ்: 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்'.
• கியூபேஸ்: 'பேக்கப் ப்ராஜெக்ட்'.
• ப்ரோ டூல்ஸ்: 'சேவ் காப்பி இன்'.
• எஃப்எல் ஸ்டுடியோ: எக்ஸ்போர்ட் மெனுவில் 'ஸிப்டு லூப் பேக்கேஜ்'.
• லாஜிக் ப்ரோ: 'கன்சாலிடேட்'.

ஆடாசிட்டி பயன்படுத்துபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 2021-ல் வந்த 3.0 பதிப்பில் இருந்து எல்லாம் ஒரே .ஏயுபி3 ஃபைலுக்குள் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் ஒரு .ஏயுபி ஃபைலும் அதன் பெயரிலேயே ஒரு டேட்டா ஃபோல்டரும் தனித்தனியாக இருக்கும். பழைய ப்ராஜெக்ட் வைத்திருப்பவர்கள் அந்த ஃபோல்டரை 'ஏதோ தேவையில்லாத ஃபைல்கள்' என்று நினைத்து அழித்துவிடக் கூடாது. மொத்த ஒலியும் அதற்குள்தான் இருக்கிறது.

ஃபோல்டர்களை எப்படி அடுக்குவது?

ஒரு பாட்டுக்கு ஒரு ஃபோல்டர். அந்தப் பாட்டு சம்பந்தப்பட்ட எதுவும் அதற்கு வெளியே இருக்கக் கூடாது. அதற்குள் இப்படிப் பிரிக்கலாம்:

• 01_அசல்
• 02_ப்ராஜெக்ட்
• 03_ஸ்டெம்
• 04_மிக்ஸ்
• 05_மாஸ்டர்
• 06_குறிப்பு

முன்னால் எண் போடுவதால் எப்போதும் இதே வரிசையில் நிற்கும். காலியான இந்த ஆறு ஃபோல்டர்களை ஒருமுறை உருவாக்கி 'மாதிரி' என்று பெயர் வைத்துவிடுங்கள். புதுப் பாட்டு தொடங்கும்போதெல்லாம் அதைக் காப்பி செய்து பெயரை மாற்றினால் போதும்.

'01_அசல்' ஃபோல்டருக்கு ஒரே ஒரு சட்டம்: உள்ளே போட்ட ஃபைலைத் திருத்தக் கூடாது, அழிக்கக் கூடாது. இரைச்சல் நீக்குவது, வெட்டுவது எல்லாம் அதன் காப்பியில்தான். இன்று இரைச்சல் நீக்கும் எஃபெக்ட் போட்டால் குரலே தகரத்தில் பேசுவது போல ஆகிவிடலாம். அடுத்த வருடம் இதைவிட நல்ல கருவி வரலாம். அப்போது அசல் கையில் இருக்க வேண்டும்.

பெயர் வைப்பதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'ஃபைனல் ஒரிஜினல்', 'இதுதான் ஃபைனல்' என்று நான்கு ஃபைல் இருந்தால் உண்மையான ஃபைனல் எது? வைத்தவருக்கே ஆறு மாதத்தில் மறந்துவிடும்.

தேதி, பாடல், என்ன ஒலி, எத்தனையாவது டேக். இந்த வரிசையில் பெயர் வைத்தால் குழப்பம் இல்லை. உதாரணம்:

2025-03-14_மழைப்பாட்டு_குரல்_டேக்03

தேதியில் வருடம் முதலில், அடுத்து மாதம், கடைசியில் நாள். இப்படி எழுதினால் கம்ப்யூட்டர் பெயர் வரிசைப்படி அடுக்கும்போதே கால வரிசையும் சரியாக வந்துவிடும். நாளை முதலில் எழுதினால் ஜனவரி 14-ம் மார்ச் 14-ம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

மிக்ஸ்களுக்கு 'ஃபைனல்' என்ற சொல்லையே தவிர்த்துவிட்டு மிக்ஸ்01, மிக்ஸ்02 என்று எண் போடுங்கள். ஒற்றை எண்ணுக்கு முன்னால் சுழியம் முக்கியம். இல்லாவிட்டால் சில இடங்களில் 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கும்.

இங்கே புரிவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறோம். இன்றைய கம்ப்யூட்டர்கள் தமிழ்ப் பெயர்களையும் ஏற்கின்றன. ஆனால் சில பழைய மென்பொருள்களும் ஸிப் கருவிகளும் அவற்றைக் கட்டம் கட்டமாகக் காட்டிவிடும். மற்றவர்களுக்கு அனுப்பும் ஃபைல் என்றால் ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பது பாதுகாப்பு. கேள்விக்குறி, சாய்கோடு, முக்காற்புள்ளி போன்றவை வேண்டாம். விண்டோஸ் இவற்றை ஏற்காது.

எந்த ஃபார்மட்டில் சேமிப்பது?

வேவ்: சுருக்கப்படாத ஒலி. அசல் பதிவு, ஸ்டெம், மாஸ்டர் எல்லாவற்றுக்கும் இதுதான். அநேகமாக எல்லா மென்பொருளும் இதைத் திறக்கும்.

ஃபிளாக்: ஸிப் செய்வது போலச் சுருக்கும். ஆனால் திரும்ப விரித்தால் ஒலியில் ஒரு துளிகூடக் குறையாது. அளவு பெரும்பாலும் பாதியை ஒட்டி வந்துவிடும். பழைய ப்ராஜெக்ட்டுகளின் ஒலியை நீண்ட நாளைக்கு எடுத்து வைக்க நல்ல தேர்வு.

எம்பி3, எம்4ஏ: காது கவனிக்காது என்று கணக்குப் போட்டுச் சில ஒலித் தகவல்களை வெட்டிவிடும் ஃபார்மட்டுகள். நண்பருக்குக் கேட்க அனுப்பலாம். அசலாக வைக்கக் கூடாது. எம்பி3-யைத் திரும்ப வேவ் ஆக மாற்றினால் ஃபைல் பெரிதாகும், ஆனால் போன தரம் திரும்பாது.

பதிவு செய்யும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐஏஎஸ்ஏ, பழைய ஒலிநாடாக்களை டிஜிட்டல் ஆக்குவதற்குக் குறைந்தபட்ச அளவாகச் சொல்வதும் இதைத்தான். வீட்டில் பாடும் பாட்டுக்கு இது தாராளம்.

எந்த அளவு வைத்தாலும் அதை 06_குறிப்பில் எழுதிவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பதிவானதை மாற்றாமல் 44.1-ல் ஓடவிட்டால் பாட்டு சுமார் 8 சதவீதம் மெதுவாகும், சுருதியும் இறங்கிவிடும். "நான் ஒழுங்காத்தானே பாடினேன்?" என்று பாடகர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எவ்வளவு இடம் தேவைப்படும்?

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ வேவ் ஃபைலுக்கு:

• ஒரு நிமிடம்: சுமார் 8.6 எம்பி
• ஒரு மணி நேரம்: சுமார் 520 எம்பி
• ஸ்டீரியோ என்றால் இதில் இரண்டு மடங்கு

நான்கு நிமிடப் பாட்டு, 20 மோனோ டிராக் என்றால் சுமார் 690 எம்பி. அதில் குரலுக்கு ஐந்தாறு டேக், ஸ்டெம்கள், சில மிக்ஸ்கள் சேர்ந்தால் ஒரு பாட்டு 2 ஜிபி வரை போகலாம். அந்தக் கணக்கில் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 500 பாட்டுகளை வைக்கலாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் ஏழு பாட்டுதான். அந்த 15 ஜிபியும் ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் என்பதை மறக்க வேண்டாம்.

நீண்ட கச்சேரி, பாட்காஸ்ட் பதிவு செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த மெமரி கார்டுக்கும் இதே வரம்புதான். அதனால் நீண்ட பதிவை இடையிடையே நிறுத்திப் புது ஃபைலாகத் தொடங்குவது நல்லது. புது ஹார்ட் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும், 4 ஜிபி பிரச்னையும் வராது.

3-2-1 விதி என்றால் என்ன?

பேக்கப் பற்றி யார் பேசினாலும் முதலில் சொல்வது இந்த விதியைத்தான். டிஜிட்டல் படங்களைச் சேமிப்பது பற்றி எழுதிய அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் இதைப் பிரபலமாக்கினார்.

• 3: மொத்தம் மூன்று பிரதிகள்
• 2: இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில்
• 1: ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே

லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. அவ்வளவுதான்.

எல்லோரும் கோட்டை விடுவது கடைசி '1'-ல்தான். லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே மேஜையில், ஒரே பையில் இருந்தால் திருடு போனாலும் சேர்ந்தே போகும், தீப்பிடித்தாலும் சேர்ந்தே எரியும். 2015 டிசம்பர் மழையிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது என்று நமக்குத் தெரியும். பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு வெள்ளம் விதிவிலக்கு தராது. கிளவுடுக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கை ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ வைக்கலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது புதுப்பித்துவிட்டு வரலாம். அதுவும் சரியான 'வெளியூர் பேக்கப்'தான்.

சொல்லப்போனால் இது நமக்குப் புதிதல்ல. பனை ஓலைக்கு ஆயுள் உண்டு, செல்லரிக்கும் என்று தெரிந்துதான் அந்தக் காலத்தில் சுவடிகளைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தார்கள். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியபோது, ஒரு நூலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளைத் தேடியதும் இதனால்தான். ஓரிடத்தில் சிதைந்த வரி இன்னொரு வீட்டுப் பிரதியில் முழுசாகக் கிடைக்கும்.

பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி... எது நல்லது?

ஹார்ட் டிஸ்க்: குறைந்த விலையில் அதிக இடம். பேக்கப்புக்கு ஏற்றது. உள்ளே தட்டு சுழல்வதால் கீழே விழுந்தால் ஆபத்து. ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்தக் கூடாது.

எஸ்எஸ்டி: வேகம் அதிகம், அதிர்ச்சியைத் தாங்கும். ரெக்கார்டிங், எடிட்டிங் செய்ய இதுதான் வசதி. ஆனால் வருடக்கணக்கில் மின்சாரமே கொடுக்காமல் பெட்டிக்குள் பூட்டி வைக்க ஏற்றதல்ல.

பென் டிரைவ், மெமரி கார்டு: ஓரிடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போக மட்டும். நிரந்தரமாக வைக்க வேண்டாம். தொலைவதும் எளிது.

கிளவுட்: வீட்டில் என்ன நடந்தாலும் பாதிக்காது. ஆனால் அப்லோட் வேகம் முக்கியம். 10 எம்பிபிஎஸ் அப்லோட் வேகத்தில் 2 ஜிபி ஏற அரை மணி நேரம் ஆகும். கூகுள் கணக்கை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால், கணக்கையும் அதில் உள்ளவற்றையும் நீக்க அந்நிறுவனத்தின் விதியில் இடமிருக்கிறது. பேக்கப்புக்கென்று தனி மெயில் ஐடி தொடங்கி மறந்துவிடுபவர்கள் கவனிக்கவும்.

எந்த ஹார்ட் டிஸ்க்காக இருந்தாலும் ஒருநாள் கெட்டுப்போகும். நல்ல பிராண்ட் வாங்கிவிட்டோம் என்பதற்காக ஒரே டிஸ்க்கை நம்ப முடியாது. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கூகுள் டிரைவில் சிங்க் ஆகிறதே, அது பேக்கப்தானே?

முழுமையாக இல்லை. சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. இங்கே என்ன செய்கிறீர்களோ அதுவே அங்கேயும் நடக்கும். சிங்க் ஆகும் ஃபோல்டரில் இருந்து ஒரு ஃபைலைத் தெரியாமல் அழித்தால் கிளவுடிலும் அழியும். கூகுள் டிரைவின் டிராஷில் 30 நாள் இருக்கும். 31-ம் நாள் ஞாபகம் வந்தால் பயனில்லை. ரேன்சம்வேர் தாக்கி ஃபைல்கள் பூட்டப்பட்டால், பூட்டப்பட்ட ஃபைல்களே சிங்க் ஆகும் அபாயமும் உண்டு.

அதனால் சிங்க்கோடு சேர்த்து, வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றி எடுத்து வைக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும். கம்ப்யூட்டரோடு இணைப்பில் இல்லாத டிஸ்க்கை வைரஸ் தொட முடியாது. கழற்றும் முன் 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்க மறக்க வேண்டாம்.

இன்னொன்று: ரெக்கார்டிங் நடக்கும்போது சிங்க் ஆகும் ஃபோல்டரில் நேரடியாகப் பதிவு செய்யாதீர்கள். மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலையே சிங்க் செயலியும் பிடித்து இழுத்தால் ப்ராஜெக்ட் சிதைய வாய்ப்புண்டு. லேப்டாப்பில் பதிவு செய்து, முடித்து, மூடிவிட்டுப் பிறகு காப்பி செய்யுங்கள்.

பெரிய நிறுவனங்களுக்கே நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. மூன்று சம்பவங்கள், மூன்று பாடங்கள்.

யுனிவர்சல் தீ விபத்து: 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் தீப்பிடித்தது. அங்கே இருந்த கிடங்கில் புகழ்பெற்ற கலைஞர்கள் பலரின் அசல் மாஸ்டர் டேப்புகள் இருந்தன. சுமார் 5 லட்சம் பாடல்கள் அழிந்ததாக நிறுவனத்தின் உள் ஆவணம் மதிப்பிட்டிருந்தது என்று 2019-ல் நியூயார்க் டைம்ஸ் இதழ் செய்தி வெளியிட்டது. இழப்பு மிகைப்படுத்தப்பட்டதாக யுனிவர்சல் மியூசிக் மறுத்தது. எண்ணிக்கையில் சர்ச்சை இருக்கலாம். அசல் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமில்லை.

மைஸ்பேஸ்: ஒரு காலத்தில் சுயாதீன இசைக்கலைஞர்களின் முகவரியே இந்தத் தளம்தான். 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றத்தின்போது அழிந்துவிட்டதாக 2019-ல் தெரியவந்தது. 5 கோடிக்கும் அதிகமான பாடல்கள் என்று செய்திகள் கூறின. 'அதுதான் ஆன்லைனில் இருக்கிறதே' என்று சொந்தக் காப்பியை வைத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. முன்பு ஆய்வுக்காக ஒரு கல்விக் குழு இறக்கி வைத்திருந்ததால் சுமார் 4.9 லட்சம் பாடல்கள் மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் மூலம் திரும்பக் கிடைத்தன. அதாவது, வேறு ஒருவரிடம் பிரதி இருந்ததால்.

டாய் ஸ்டோரி 2: 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் தவறான ஒரு கட்டளையால் படத்தின் ஃபைல்கள் மளமளவென்று அழியத் தொடங்கின. பேக்கப்பை எடுத்துப் பார்த்தால் அது சரியாகவே பதிவாகியிருக்கவில்லை. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டில் இருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதை வைத்துத்தான் மீட்டார்கள்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதுமா?

மூன்றாவது சம்பவத்தின் பாடம் இதுதான். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது. மாதம் ஒருமுறை பேக்கப் டிஸ்க்கில் இருந்து ஏதாவது ஒரு பழைய ப்ராஜெக்ட்டை முழுசாகக் காப்பி செய்து, வேறு ஃபோல்டரில் வைத்துத் திறந்து பாருங்கள். முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில். எல்லா டிராக்கும் ஒலிக்கிறதா? நடுவில் ஒரு நிமிடம், கடைசியில் ஒரு நிமிடம் கேளுங்கள்.

காப்பி சரியாக வந்ததா என்று பார்க்க எளிய வழி, இரண்டு ஃபோல்டரின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று ஒப்பிடுவது. ஃப்ரீஃபைல்சிங்க் போன்ற இலவச மென்பொருள்கள் ஒப்பிடுவதோடு மாறியதை மட்டும் காப்பியும் செய்யும். விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி', மேக்கில் 'டைம் மெஷின்' வசதிகளை ஆன் செய்துவிட்டால் டிஸ்க்கைச் செருகினாலே பேக்கப் தானாக நடக்கும்.

பத்து வருடம் கழித்துத் திறக்குமா?

ஃபைல் பத்திரமாக இருந்தாலும் அதைத் திறக்கும் மென்பொருள் அப்போது இருக்க வேண்டுமே? இன்று பயன்படுத்தும் ப்ளக்-இன் நாளை நிறுத்தப்படலாம், சந்தா முடிந்துபோகலாம். அதனால் ஒரு பாட்டு முடிந்ததும் ஸ்டெம் எக்ஸ்போர்ட் கட்டாயம்.

எல்லா ஸ்டெம்களும் ஒரே தொடக்கப் புள்ளியில் இருந்து, அதாவது பாட்டின் பூஜ்ஜிய நொடியில் இருந்து தொடங்க வேண்டும். மூன்றாவது நிமிடத்தில் மட்டும் வரும் புல்லாங்குழலுக்கும் முதல் மூன்று நிமிடம் அமைதியோடு சேர்த்துத்தான் எக்ஸ்போர்ட். அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் தானாகப் பொருந்தும். முக்கியமான டிராக்குகளை எஃபெக்ட் இல்லாமல் ஒன்று, எஃபெக்ட்டோடு ஒன்று என இரண்டாக எடுங்கள். கீபோர்டு பகுதிகளின் மிடி ஃபைலையும் சேர்த்து வையுங்கள்.

மொபைலில் மட்டும் ரெக்கார்ட் செய்பவர்கள்?

• ரெக்கார்டர் செட்டிங்ஸில் தரத்தை உயர்வாக வையுங்கள். ஐபோன் வாய்ஸ் மெமோஸில் 'லாஸ்லெஸ்' தேர்வு இருக்கிறது.
• வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள். 2 ஜிபி வரை ஃபைல் அப்படியே போகும். வாய்ஸ் நோட்டாகப் பதிவு செய்தால் சுருங்கிய ஒலிதான் கிடைக்கும்.
• செயலியை அன்இன்ஸ்டால் செய்யும் முன் ஃபைல்களை வெளியே எடுங்கள். பல செயலிகளில் செயலி போனால் உள்ளே இருக்கும் பதிவும் போய்விடும்.
• புது போன் மாற்றும்போது பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன், ரெக்கார்டிங் ஃபோல்டர் தனியாக வந்துவிட்டதா என்று பாருங்கள். போட்டோ பேக்கப் ஆகிவிட்டது என்றால் ஆடியோவும் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை.

பாட்டி பாடிய பாட்டு போனில் இருக்கிறதா?

ஸ்டுடியோ எதுவும் இல்லாத வீடுகளிலும் விலைமதிப்பில்லாத ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. பாட்டி பாடிய தாலாட்டு, நடவுப்பாட்டு, தாத்தா சொன்ன குலசாமி கதை, அம்மா பேசிய பிறந்தநாள் வாழ்த்து. பாடியவர் இல்லாமல் போன பிறகு இவற்றுக்கு இரண்டாவது டேக் கிடையாது.

அப்படி ஒன்று உங்கள் போனில் இருந்தால் இன்றே மூன்று இடத்தில் வையுங்கள். கூடவே ஒரு சின்னக் குறிப்பும்: பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருடம், யாரிடம் கற்றுக்கொண்டார், எந்தச் சமயத்தில் பாடுவது, பாட்டில் வரும் வட்டாரச் சொற்களுக்கு என்ன பொருள். பெயர் தெரியாத ஒரு குரலாக அது பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேரக் கூடாது. அடுத்த முறை பதிவு செய்யும்போது தொடக்கத்திலேயே பெயர், ஊர், தேதியை வாயால் சொல்லிப் பதிவு செய்தால், குறிப்பு தொலைந்தாலும் தகவல் ஒலிக்குள்ளேயே இருக்கும். பழைய கேசட்டுகள் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். நாடாவில் பூஞ்சை படிந்தால் மீட்பது சிரமம்.

தெரியாமல் அழித்துவிட்டால் என்ன செய்வது?

முதல் வேலை, அந்த டிஸ்க்கையோ கார்டையோ பயன்படுத்துவதை உடனே நிறுத்துவது. அழித்த ஃபைல் பெரும்பாலும் உடனே மறைந்துவிடாது. அந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அதன் மேல் புதிதாக எதையும் எழுதாதவரை மீட்க வாய்ப்பிருக்கிறது. ரெக்கவரி மென்பொருளை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். மீட்ட ஃபைல்களையும் வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும்.

எஸ்எஸ்டியில் இந்த வாய்ப்பு குறைவு. அழித்த இடத்தை அதுவே பின்னணியில் சுத்தம் செய்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காமல் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டேட்டா ரெக்கவரி தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

சுருக்கமாக...

• ஒவ்வொரு ரெக்கார்டிங் முடிந்ததும்: பெயர் வை, அசலை ஃபோல்டரில் போடு, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி. இரண்டு இடத்தில் காப்பி ஆகும்வரை மெமரி கார்டை அழிக்காதே.
• வாரம் ஒருமுறை: கிளவுட் அப்லோட்.
• பாட்டு முடிந்ததும்: ஸ்டெம், மாஸ்டர், குறிப்பு.
• மாதம் ஒருமுறை: பேக்கப்பில் இருந்து ஒரு ப்ராஜெக்ட்டைத் திறந்து கேள்.
• வருடம் ஒருமுறை: ஹார்ட் டிஸ்க்கின் நிலையைப் பார், பழசாகிவிட்டால் புதிய டிஸ்க்குக்கு மாற்று. மார்ச் 31 உலக பேக்கப் தினம், ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியான தேதி.

ஏற்கெனவே ஐந்தாறு வருட ஃபைல்கள் குவிந்து கிடக்கின்றன, எங்கே தொடங்குவது என்று மலைக்க வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் இருக்கிறபடியே ஒரு புது ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துவிடுங்கள். பெயர் மாற்றுவது, அடுக்குவது எல்லாம் அதற்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாட்டு என்று நிதானமாகச் செய்யலாம்.